குடலிலிருந்து எலும்புக்கு

யாழ்ப்பாணத்துக் கோப்பாய்க் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கேத்திலின் அடியில் விரைவிலேயே வெள்ளைப் படிவு ஏறிவிடும். செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். அதனூடாக ஊறிவரும் தண்ணீரில் கல்சியத்துக்குக் குறைவில்லை. அப்படியிருந்தும் இங்கேயும் வயதான பெண்கள் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறிகிறது. கல்சியம் உடம்புக்குள் போனால் போதுமா, அது எலும்பில் நிற்கவேண்டாமா?

எலும்பில் எந்நேரமும் வேலை நடக்கிறது. அரிக்கும் கலங்கள் பழையதைக் கரைத்தெடுக்க, ஆக்கும் கலங்கள் புதியதை இட்டு நிரப்புகின்றன. வளர்ந்தவரின் எலும்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் இப்படிப் புதிதாகிறது. அரிக்கும் கலங்கள் பிறப்பது என்பு மச்சையில். சில வெண்குருதிக் கலங்களோடு ஒரே வழிவந்தவை. அதனால் கிருமியோடு போராடும் நிர்ப்பீடனக் கலங்கள் விடும் இரசாயனங்கள் இவற்றையும் உசுப்பிவிடும். மூட்டுவாதக்காரரின் எலும்பு மெலிவது இதனாலும்தான்.

நிர்ப்பீடனக் கலங்களில் பெரும்பகுதி குடற்சுவரை அண்டியே இருக்கிறது. அப்படியானால் குடலில் வாழும் பற்றீரியாக்களுக்கும் எலும்புக்கும் தொடர்பிருக்குமா? 2012இல் சுவீடனின் கோத்தன்பேர்க் ஆய்வாளர்கள், கிருமியே படாமல் வளர்த்த எலிகளின் எலும்பு வழமையைவிட அடர்த்தியாக இருப்பதைக் கண்டார்கள். குடலில் பற்றீரியாக்களைக் குடியேற்றியதும் அது வழமைக்குத் திரும்பியது.

இதைக் கேட்டுப் பற்றீரியாவே எதிரி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 2016இல் அமெரிக்காவின் எமறி பல்கலைக்கழகக் குழு எலிகளில் பெண் ஓமோனைக் குறைத்துப் பார்த்தது. ஓமோன் குறைய, குடற்சுவரின் கலங்களுக்கிடையே இறுக்கம் தளர்ந்தது. பற்றீரியாவின் கூறுகள் உள்ளே கசிய, அழற்சியூட்டும் ரி கலங்கள் என்ற நிர்ப்பீடனக் கலங்கள் பெருகின, எலும்பு அரிக்கப்பட்டது. லக்டிக் அமிலப் பற்றீரியா கொடுத்த எலிகளுக்கோ எலும்பு தப்பியது. மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புத் தேய்வைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான வழிகாட்டல் எனக்குத் தெரியவில்லை. புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவ நிறுவனத்தில் ருபேஷ் ஸ்ரீவாஸ்தவாவின் குழுவும் இதே துறையில் உழைக்கிறது. நிர்ப்பீடனத்தால் வரும் எலும்புத் தேய்வுக்கு ‘இம்யூனோபொரோசிஸ்’ என்று பெயரிட்டவர் அவர்.

எலிக்குச் சரிவந்தது மனிதருக்கும் வருமா? 2018இல் வெளியான சுவீடன் ஆய்வில், 75 முதல் 80 வயதுப் பெண்கள் ஓராண்டு ஒருவகை லக்டிக் பற்றீரியாவை உட்கொள்ள, கீழ்க்கால் எலும்பின் இழப்புக் குறைந்தது. அதே பற்றீரியாவை மாதவிடாய் நின்று அதிக காலமாகாத பெண்களுக்கு இரண்டாண்டு கொடுத்துப் பார்த்தபோது பலனில்லை என்று 2024இல் தெரிந்தது. ஆகவே பற்றீரியாக் குளிசைக்குக் காசைக் கொட்ட நான் சொல்லமாட்டேன்.

குடலில் ஏற்கெனவே இருக்கும் பற்றீரியாக்களுக்குத் தீனி போடுவது வேறு. நார்ப்பொருளை நொதிக்கவைத்து அவை ஆக்கும் பியூற்றிரேற்று என்ற பொருள், அழற்சியைத் தணிக்கும் ரி கலங்களைக் கூட்டும். அரிக்கும் கலங்களையும் அடக்கும். அந்த நார் நம் தோட்டத்து வெங்காயத்தில் இருக்கிறது, ஒடியல் மாவில் இருக்கிறது, முருங்கையிலை வறையில் இருக்கிறது. இரவு மிஞ்சிய சிவப்பரிசிச் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால், விடிய அந்தத் தண்ணீர் கலங்கி, மெல்லப் புளித்து மணக்கும். புளிக்கவைப்பவற்றில் முதன்மையானவை லக்டிக் அமிலப் பற்றீரியாக்கள். வெங்காயமும் பச்சைமிளகாயும் பிசைந்த அந்தப் பழஞ்சோறு குடலுக்கு நல்ல சாப்பாடு. ஆனால் ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்கள் வைத்தியர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு இதை நம்பியிருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தே போகட்டும்.