வாங்காத கடன் பெயரில் ஏறினால்...

விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் வட்டாரக் கரிசல் விவசாயிகளுக்குப் புரட்டாசியில்தான் பணமுடை. உழவுக் கூலி, விதை, அடியுரம் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் பயிர்க்கடன் கேட்டுப் போகிறவரிடம், "உங்கள் பெயரில் ஏற்கெனவே பாக்கி இருக்கிறதே" என்று சொல்லிவிட்டால், வட்டியில்லாக் கடன் கைநழுவிப் போகும். கமிஷன் கடையில் முன்பணம் வாங்கிவிட்டு, மிளகாய் வத்தலைக் கடைக்காரர் சொன்ன விலைக்கே போட வேண்டியதுதான்.

இப்படியும் நடக்குமா என்று கேட்பவர்கள் தஞ்சை மாவட்டம் திருமண்டங்குடியைப் பார்க்கலாம். தங்கள் பெயரில் சர்க்கரை ஆலையின் பழைய நிர்வாகம் வங்கிகளில் கடன் பெற்றுவிட்டதாகக் கூறி, அங்குள்ள கரும்பு விவசாயிகள் 2022 நவம்பர் 30-இல் போராட்டம் தொடங்கினர். தூத்துக்குடிப் பக்கம் ஆலைக் கரும்பு இல்லை. ஆனால் மானியம், இன்சூரன்ஸ், சிம் கார்டு என்று ஆதார் நகலையும் சிட்டாவையும் கேட்டவருக்கெல்லாம் கொடுக்கும் வழக்கம் இங்கும் உண்டு. துறைமுகத்தில் இறங்கும் உர மூட்டைக்குக் கணக்கு இருக்கிறது. கொடுத்த நகலுக்கு யாரிடம் கணக்கு?

வாங்காத கடனுக்கு நோட்டீஸ் வந்தால் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது. "சின்னத் தொகைதானே, கட்டித் தொலைத்தால் நிம்மதி" என்று பலர் நினைக்கிறார்கள். கட்டிய ரசீதையே கடனை ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாகக் காட்ட முடியும். புதுப்பித்தல், சமரசம் என்று நீட்டும் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

கடன் தமதல்ல என்று மேலாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, கடன் மனு, கையெழுத்து, பணம் எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்ற விவரம் ஆகியவற்றின் நகல்களைக் கேட்க வேண்டும். மோசடி பெரும்பாலும் இந்தக் காகிதங்களில்தான் வெளிப்படும். கடிதத்தின் பிரதியில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து ரசீது பெறுவதும் அவசியம். கைபேசி மோசடியில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

வங்கி ஏற்றுக்கொண்டாலும் வேலை முடியாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களிலும் அந்தக் கடன் பதிவாகியிருக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொன்றும் இலவசமாக அறிக்கை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பார்ப்பதற்குப் படித்த பிள்ளைகள் உதவலாம். தவறு இருந்தால் ஆட்சேபணை கொடுக்கலாம்; 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கேட்டு வாங்குபவர்கள்தான் குறைவு. வங்கி அசையாவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; விவரத்துக்கு 14448.

கடன் கூட்டுறவுச் சங்கத்தில் ஏறியிருந்தால் மண்டல இணைப்பதிவாளருக்கு மனுச் செய்ய வேண்டும். 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் 81-ஆம் பிரிவில் விசாரணைக்கு இடமுண்டு.

இனிமேல் நகல் கொடுக்கும்போது, எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்று அதன் குறுக்கே மையால் எழுதிக் கொடுக்கவும். ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. ரேஷன் கடைக்குப் போகும் நாளில் மறவாமல் திறந்துகொள்ள வேண்டும்.