சாஃப்ட்பாலில் 'சாஃப்ட்' எதுவும் இல்லை: செஞ்சிப் பிள்ளைகளுக்கு முதலில் எதை வாங்குவது?

சாஃப்ட்பால் என்ற பெயரைக் கேட்டதும் பெற்றோர்கள் நிம்மதியாகிவிடுகிறார்கள். மெத்துன்னு ஒரு பந்து, பெண் பிள்ளைகள் ஆடட்டும், என்ன ஆகிவிடப்போகுது என்று. அந்தப் பெயருக்கு ஒரு காலத்தில் அர்த்தம் இருந்தது. 1887-இல் சிகாகோவில் ஃபாரகட் படகு கிளப்பில் உட்கார்ந்திருந்த சிலர், பழைய பாக்சிங் கிளவுஸ் ஒன்றைக் கயிற்றால் உருண்டையாகக் கட்டி, துடைப்பக் கம்பால் அடித்து ஆட ஆரம்பித்ததுதான் இந்த விளையாட்டு. சிகாகோவில் இன்றும் 16 அங்குலச் சுற்றளவுள்ள மெத்துப் பந்தில், கையுறை இல்லாமல் வெறுங்கையால் ஆடுகிற ஒரு வகை உண்டு. ஆனால் உலகம் முழுக்கப் பரவியது அதுவல்ல, 12 அங்குலப் பந்து.

அந்த 12 அங்குலப் பந்தை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்க. எடை 178 முதல் 198 கிராம். ஆண்கள் கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம்தான். அதாவது 'சாஃப்ட்' பந்து, நாம் பயந்து ஒதுங்குகிற கிரிக்கெட் பந்தைவிடக் கனம். உள்ளே என்ன இருக்கலாம் என்பதற்கு விதிப்புத்தகம் தருகிற பட்டியலில் கார்க்-ரப்பர் கலவை, பாலியூரிதேன் இவற்றோடு நம் தலையணைகளில் அடைக்கும் இலவம் பஞ்சும் உண்டு. பஞ்சுதானே என்று நினைக்க வேண்டாம். கல் மாதிரி இறுக்கி, மேலே தோலோ செயற்கைத் தோலோ தைத்துவிடுவார்கள்.

இந்தப் பந்து எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது? கிரிக்கெட் பிட்ச் 20.12 மீட்டர். சர்வதேசப் பெண்கள் சாஃப்ட்பாலில் பந்து எறிபவர் நிற்பது 13.11 மீட்டரில். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அரை வினாடிகூட ஆகாது. பள்ளிப் பிள்ளைகள் அந்த வேகத்தில் எறியமாட்டார்கள், சரிதான். ஆனால் எதிரே நிற்பதும் அன்றைக்குத்தான் மட்டையைப் பிடித்த இன்னொரு பிள்ளை.

செஞ்சி மாதிரி ஊரில் இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பல தடைகளைத் தாண்டித்தான் ஒரு பெண் மைதானத்துக்கு வருகிறாள். முகத்தில் ஒரு அடி, உடைந்த ஒரு பல், அவ்வளவுதான். "போதும், வீட்டுல இரு" என்று சொல்லிவிடுவார்கள். அவளோடு சேர்ந்து அதே தெருவிலிருந்து வந்த மற்ற இரண்டு பேரும் நின்றுவிடுவார்கள். அதனால்தான் எதை முதலில் வாங்குவது என்ற கேள்வியை வெறும் ஷாப்பிங் விஷயமாக நான் பார்ப்பதில்லை. புதிதாக அணி ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் ஜெர்சியில்தான் ஆரம்பிக்கிறார்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்கும். என்னைக் கேட்டால் பட்டியலில் கடைசியாக வரவேண்டியது அதுதான்.

முதலில் ஹெல்மெட். அடிக்கிற அணியில் ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு அது வேண்டும் என்று எண்ணிப் பாருங்க. மட்டை பிடிப்பவர் ஒருவர், அடுத்து வரக் காத்திருப்பவர் ஒருவர், மூன்று பேஸ்களிலும் ஓட்டக்காரர்கள் இருந்தால் மூன்று பேர். ஆக ஐந்து. இரண்டு ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது பயிற்சிக்கே சரிப்படாது. இரண்டு காதையும் மூடுகிற, முன்னால் கம்பி முகமூடி உள்ள ஹெல்மெட்டாக இருக்க வேண்டும். அமெரிக்கத் தயாரிப்புகளில் என்.ஓ.சி.எஸ்.ஏ.இ. என்ற முத்திரை இருந்தால் அது அடி தாங்கும் சோதனைக்கான தரக்குறி. அணியின் நிறத்தில் பெயிண்ட் அடிக்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். சில பெயிண்ட்கள் அந்தப் பிளாஸ்டிக்கையே பலவீனமாக்கிவிடும்.

அடுத்தது கேட்சர் செட். கேட்சர் என்பவர் கிரிக்கெட் கீப்பர் மாதிரி தள்ளி நிற்பவர் அல்ல, மட்டையின் வீச்சுக்குச் சற்றுப் பின்னாலேயே குந்தியிருப்பவர். தொண்டைக்காப்புடன் கூடிய முகமூடி, மார்புக்கவசம், முழங்காலையும் சேர்த்து மூடும் கால்கவசம் மூன்றும் வேண்டும். இங்கேதான் "கிரிக்கெட் கிட் இருக்கே, அதை வச்சு ஓட்டலாமே" என்ற பேச்சு வரும். கால் பேடு, மெதுவான பந்தில் நடக்கும் பயிற்சிக்குப் பரவாயில்லை. குந்தி எழுந்திருக்கக் கஷ்டப்படுவார்கள், அவ்வளவுதான். கிரிக்கெட் ஹெல்மெட்டின் கம்பி இடைவெளியில் சாஃப்ட்பால் நுழையாது, அதன் விட்டம் கிட்டத்தட்ட 9.7 சென்டிமீட்டர். ஆனால் தொண்டை திறந்தே கிடக்கிறது. பந்து தரையில் பட்டு எகிறி வருவது நேராக அங்கேதான். ஆகவே இந்த ஒன்றில் சமாளிப்பு வேண்டாம். செட் வரும்வரை வேகப்பந்து எறிய விடாதீர்கள். டென்னிஸ் பந்தில் பழகட்டும்.

இனி கையுறை. ஆரம்பநிலை ஆட்டக்காரர் தன் சொந்தக் காசில் ஒரே ஒரு பொருள் வாங்கலாம் என்றால் அது இதுதான். சோத்துக்கையால் எறிகிற பிள்ளைக்குக் கையுறை பீச்சாங்கையில். முதல் நாள் பலரும் மாற்றித்தான் மாட்டுவார்கள், கிரிக்கெட் பார்த்து வளர்ந்த பழக்கம் அப்படி. பெட்டியில் 'ரைட் ஹேண்ட் த்ரோ' என்று போட்டிருந்தால் வலக்கையால் எறிபவருக்கானது, அதாவது இடக்கையில் மாட்டுவது. இதைப் படிக்காமல் மொத்தமாக ஆர்டர் போட்டு ஒன்பதும் ஒரே மாதிரி வந்து இறங்கினால், அணியில் இருக்கும் ஒரே இடக்கைக்காரப் பிள்ளை ஓரத்தில் நிற்கும். ஒன்றாவது மாற்றுக் கையுறை இருக்கட்டும்.

அளவு 11 முதல் 12 அங்குலம் சிறியவர்களுக்குப் போதும். வெளிவட்டத்தில் நிற்கும் பெரியவர்கள் 12.5, 13 வரை போகலாம். "வளர்ற பிள்ளை, பெருசாவே வாங்கிடுவோம்" என்ற நம் வீட்டுச் சட்டம் இங்கே செல்லாது. கைக்குள் ஆடுகிற கையுறையை மூட முடியாது. மூட முடியாவிட்டால் பந்து விரலில் படும், அதற்கப்புறம் பிள்ளை பந்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பும். அந்தப் பயத்தைப் போக்குவதுதான் பயிற்சியாளருக்குப் பெரும்பாடு. கடையில் மாட்டிப் பார்த்து, ஒரே கையால் மடக்க முடிகிறதா என்று பாருங்கள். புதுத் தோல் விறைப்பாகத்தான் இருக்கும். தினமும் பந்தை எறிந்து எறிந்து பிடிக்க வேண்டும், இரவில் உள்ளே பந்தை வைத்துக் கட்டிப்போட வேண்டும். எண்ணெயைக் கொட்டினால் கனத்துப்போகும், துளி போதும். செஞ்சி வெயிலில் மாடிச் சுவரில் காய வைத்தால் அப்பளம்தான்.

மட்டைக்குப் பெரிய யோசனை வேண்டாம், அணிக்கு இரண்டு இருந்தால் ஆரம்பிக்கலாம். பேஸ்பால் மட்டை ஆகாது. நம் சினிமாவில் அடியாட்கள் தூக்கிக்கொண்டு வருவார்களே, அந்த வகையில் பல, சாஃப்ட்பாலுக்கு அனுமதித்த 2.25 அங்குல விட்டத்தைவிடத் தடிமன். நீளம் 34 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 28 முதல் 31 அங்குலம் சரியாக வரும். 30 அங்குல அலுமினிய மட்டை 570 கிராம் அளவில் கிடைக்கும், கிரிக்கெட் மட்டையில் பாதிதான். கனமாக இருந்தால்தான் தூரம் போகும் என்று பையன்கள் வாதாடுவார்கள். ஒரு கையால் பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். இருபது எண்ணுவதற்குள் முனை இறங்கினால் அது அந்தக் கைக்குரிய மட்டை இல்லை.

உடைக்கு வருவோம். 1943-இல் அமெரிக்காவில் சூயிங்கம் முதலாளி பிலிப் ரிக்லி பெண்களுக்காக ஒரு தொழில்முறை லீக் ஆரம்பித்தார். ஆரம்பத்தில் ஆடியது 12 அங்குலப் பந்தில், கீழ்க்கை வீச்சில்தான். பார்க்க அழகாக இருக்கவேண்டும் என்று குட்டைப் பாவாடை சீருடை. சறுக்கிக்கொண்டு பேஸைத் தொட்டவர்களின் தொடையெல்லாம் தோல் உரிந்து சிவந்தது. அங்கே அது பராமரித்த மைதானம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று பக்கமும் பாறைக் குன்றுகள் நிற்கிற செஞ்சியில் சரளைத் தரையில் சறுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கணுக்கால் வரையுள்ள கெட்டியான டிராக் பேண்ட், உள்ளே இறுக்கமான ஷார்ட்ஸ், நீளமான சாக்ஸ். வீட்டில் "அரைக்கால் சட்டை வேணாம்" என்று சொல்கிறவர்களோடு இந்த ஒரு விஷயத்தில் ஆட்டமும் ஒத்துப்போகிறது. சண்டை மிச்சம்! மேலே வெளிர்நிறத்தில், சீக்கிரம் உலர்கிற துணியில் ஒரு டி-ஷர்ட் போதும். பெண்களுக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா அவசியம். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு யாரும் சொல்லாமல் விடுவதால்தான் எழுதுகிறேன்.

மடித்துக் கட்டிய ரெட்டைச் சடை மேல் ஹெல்மெட் உட்காராது. தூக்கிக்கொண்டு நிற்கும், ஓடும்போது கழன்று விழும். மைதானத்துக்குத் தாழ்வாகப் பின்னிய ஒற்றைச் சடை. வளையல், கொலுசு, தொங்கும் கம்மல் எல்லாம் பையில்.

ஷூவில் உலோக முள் வேண்டாம். இளையோர் ஆட்டங்களில் பெரும்பாலும் அனுமதி இல்லை, இந்தக் கெட்டித் தரையில் அது பிடிக்கவும் பிடிக்காது. குட்டை ரப்பர் குமிழ்கள் உள்ளது நல்லது, இல்லையென்றால் அடிப்பகுதி தேயாத சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூ. செருப்போடு பயிற்சிக்கு வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப மனசு வராது, தெரியும். எறிந்து பிடிக்கும் பயிற்சியில் விடுங்கள், பேஸ் ஓட்டத்தில் விடவேண்டாம்.

எங்கே வாங்குவது? கிரிக்கெட், வாலிபால் சாமான் விற்கும் கடைகளில் இதெல்லாம் பெரும்பாலும் கையிருப்பில் இருக்காது. சென்னை பெரியமேட்டுக் கடைகளில் விசாரிக்கலாம், மொத்தமாக என்றால் மீரட், ஜலந்தர் தயாரிப்பாளர்களிடம் நேரடியாகக் கேட்கலாம். எங்கே வாங்கினாலும் கையுறையை மட்டும் முதலில் ஒன்றே ஒன்று வரவழைத்து, பிள்ளைகள் கையில் மாட்டிப் பார்த்துவிட்டு மீதியை ஆர்டர் போடுங்கள்.