அடுத்தது யார்?

மூன்று ஆண்டுகளும் மூன்று மாதங்களும்! ஒரு கதையின் தொடர்ச்சியைக் காண்பதற்காகப் பல நாட்டு மக்கள் காத்திருந்த காலம் இது. தென்கொரியாவில் உருவான 'ஸ்க்விட் கேம்' என்னும் தொடரின் முதற்பகுதி 2021 செப்டம்பர் 17 அன்று நெட்ஃபிளிக்ஸ் வாயிலாக வெளியாயிற்று. இரண்டாம் பகுதியோ 2024 டிசம்பர் 26 அன்றுதான் வந்தது. வந்த நான்கே நாள்களில் அது பெற்ற பார்வைகள் 6 கோடியே 80 இலட்சம்.

இத்தனை ஆவலுடன் மக்கள் எதிர்பார்த்தது எதனை? அந்த எதிர்பார்ப்பு நம்மை எவ்வாறு ஆட்டி வைக்கிறது? இதைச் சற்று நிதானமாகச் சிந்திப்பது நலம். ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். காத்திருந்தவர்களுள் இக்கட்டுரையாளனும் ஒருவன்.

சிரிப்புக்குள் மரணம்

கொரியச் சிறுவர்கள் மண்ணில் கணவாய் மீனைப் போன்றதொரு கோட்டுருவம் வரைந்து, அதற்குள் ஒருவரையொருவர் தள்ளி விளையாடுவர். தொடரின் பெயர் அதிலிருந்து வந்ததே. கடனில் மூழ்கிய 456 பேர் ஒரு தீவுக்குக் கொண்டு செல்லப்படுகின்றனர். கயிறு இழுத்தல், கோலிக்குண்டு போன்ற சிறுவர் விளையாட்டுகள் ஆறினை அவர்கள் ஆடவேண்டும். தோற்றவருக்கு மரணம். வென்றவருக்கு 4,560 கோடி வொன் பரிசு. அதாவது தலைக்குப் பத்துக் கோடி வொன் எனக் கணக்கு.

இக்கொடுமையை இயக்குநர் ஹுவாங் டோங்-ஹியுக் அழுகையோடு மட்டும் சொல்லவில்லை, விளையாட்டாகவும் சொல்கிறார். ஏறும் படிக்கட்டுகள் குழந்தைகளின் பொம்மை வீட்டைப் போல் வண்ணம் பூசப்பட்டவை. பிணப்பெட்டிகளோ பரிசுப் பொட்டலங்களைப் போல் இளஞ்சிவப்பு நாடா கட்டப்பட்டவை. கூடத்தின் மேலே கண்ணாடியாலான பெரியதோர் உண்டியல் தொங்குகிறது. ஆட்கள் மடிய மடிய அதில் பணக்கட்டுகள் வந்து விழுகின்றன. சற்று முன் தோழனை இழந்தவர்கள் அண்ணாந்து பார்க்கின்றனர், முகங்கள் மலர்கின்றன. பார்க்கும் நமக்குச் சிரிப்பும் வருகிறது; சிரித்தோமே என்ற வெட்கமும் வருகிறது. இருண்ட நகைச்சுவை என்பது இதுதான்.

முதல் விளையாட்டு முடிந்ததும் உயிர் தப்பியோர் வாக்களித்து, ஒரே வாக்கு வேறுபாட்டில் வீடு திரும்புகின்றனர். ஆனால் பெரும்பாலோர் தாமாகவே மீண்டும் வந்து சேர்கின்றனர்! வெளியே காத்திருக்கும் கடன்காரர்களை விடத் துப்பாக்கியே மேல் என அவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. இத்தொடரின் உயிர்நாடி இந்த ஒரு திருப்பத்தில் இருக்கிறது.

கதை முளைத்த மண்

இது வெறும் கற்பனையன்று. 2008ஆம் ஆண்டளவில் இக்கதை ஹுவாங்கின் உள்ளத்தில் உருவானபோது அவரும் அவருடைய தாயாரும் பாட்டியாரும் கடன் வாங்கிக் காலந்தள்ளிக் கொண்டிருந்தனர். பணமுடையால் தம் மடிக்கணினியையே விற்றுவிட்டதால் எழுதுவதை இடையில் நிறுத்த நேர்ந்தது. நம்ப முடியாத கதை என்று பத்தாண்டுக் காலம் படநிறுவனங்கள் அதனைத் தள்ளி வைத்தன.

கதாநாயகன் கி-ஹுன் வேலையிழந்த மோட்டார்த் தொழிலாளி. இப்பாத்திரத்திற்கு 2009இல் சாங்யோங் மோட்டார் ஆலையில் நடந்த வேலைநிறுத்தம் அடிப்படை என இயக்குநரே கூறியுள்ளார். அங்கு 2,600க்கு மேற்பட்டோரை ஆட்குறைப்புச் செய்ய முடிவெடுத்ததை எதிர்த்துத் தொழிலாளர்கள் 77 நாள்கள் ஆலைக்குள் போராடினர். காவல்துறை அவர்களை அடக்கியது. தொடர் வெளியான 2021இல் தென்கொரியக் குடும்பங்களின் மொத்தக் கடன் அந்நாட்டின் ஓராண்டு உள்நாட்டு உற்பத்தியையே விஞ்சியிருந்தது. உலகமே வியந்த செழிப்பின் பின்புறம் இப்படியும் ஒன்று இருந்தது.

அலீ என்னும் எளியவன்

456 பேருள் 199 என்னும் எண்ணைச் சுமந்து நிற்பவன் அலீ அப்துல். பாகிஸ்தானிலிருந்து மனைவியோடும் கைக்குழந்தையோடும் பிழைக்க வந்தவன். முதலாளி மாதக்கணக்கில் கூலி தராமல் ஏமாற்றியதே அவனை இக்களத்துக்குத் தள்ளியது. தில்லியில் பிறந்து, கொரிய நாட்டுக் கலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அனுபம் திரிபாதி இப்பாத்திரத்தை ஏற்றிருந்தார்.

முதல் ஆட்டத்திலேயே, இடறி விழப்போன கி-ஹுனின் சட்டையைப் பற்றி நிறுத்தி உயிர் காத்தவன் அலீ. பேருந்துக் கட்டணம் தந்துதவிய சாங்-வூவை முதலில் 'முதலாளி' என்றே அழைக்கிறான். 'அண்ணன் என்று கூப்பிடு' என்கிறான் சாங்-வூ. அந்த ஒரு சொல்லில் அலீ கரைந்து போகிறான். பின்னர்க் கோலி ஆட்டத்தில் அதே அண்ணன், அலீயின் பையிலிருந்த கோலிகளை எடுத்துக்கொண்டு கற்களை நிரப்பி அவனைச் சாவுக்கு அனுப்புகிறான்.

அயல்நாடு சென்று உழைக்கும் மகனையோ கணவனையோ கொண்ட வீடுகள் நம்மிடையே எத்தனை! பிடித்து வைக்கப்பட்ட கூலி இன்னதென்று அறிந்தவர்கள் நம்மிடையே எத்தனை! அலீயின் கதை அவ்வீடுகளுக்கு அயலார் கதையன்று.

காத்திருப்பே சரக்கு

எளியோரின் துயரை விற்றுப் பொருள் சேர்ப்போரைச் சாடிய அக்கதை பின்னர் என்ன ஆயிற்று? 2023 நவம்பரில் அதே நிறுவனம் உண்மையான மனிதர்கள் 456 பேரைக் கொண்டு போட்டி நிகழ்ச்சியொன்றை வெளியிட்டது. பரிசு 45 இலட்சத்து 60 ஆயிரம் டாலர். அங்கு எவரும் சாகவில்லை. எனினும் எந்த ஆட்டத்தைக் கண்டு அஞ்ச வேண்டும் எனத் தொடர் சொல்லிற்றோ, அதே ஆட்டம் கேளிக்கையாகிவிட்டது.

எதிர்பார்ப்பின் வேகம் குழந்தைகளையும் விடவில்லை. பெரியவர்களுக்கான இத்தொடரைப் பின்பற்றி, தோற்றவரை அடிக்கும் விளையாட்டில் தம் மாணவர் ஈடுபடுவதாகப் பெல்ஜியம் நாட்டுப் பள்ளியொன்று 2021 அக்டோபரில் பெற்றோரை எச்சரித்தது. தொடரில் காட்டப்பட்ட தொலைபேசி எண் உண்மையில் ஒருவருக்குரியதாக இருந்தமையால், அழைப்புகள் இரவும் பகலும் குவிந்து அவரை வாட்டின. பின்னரே அக்காட்சிகள் திருத்தப்பட்டன.

இயக்குநரும் தப்பவில்லை. முதற்பகுதியின் பணிச்சுமையில் ஆறு பற்களை இழந்ததாகச் சொன்னவர் அவர். அவ்வளவு பெரிய வெற்றியிலும் தமக்குக் கிடைத்த பணம் அதிகமில்லை என்றும், இரண்டாம் பகுதிக்கு இசைந்ததற்குப் பணமும் ஒரு காரணம் என்றும் அவரே வெளிப்படையாகக் கூறினார். கடனாளிகள் மறுபடியும் களத்துக்குத் திரும்பும் காட்சி நினைவுக்கு வருகிறதன்றோ!

அந்த இரண்டாம் பகுதியும் பாதி வழியில் அறுந்து நின்றது. மறுபடியும் காத்திருப்பு. 2025 ஜூன் 27 அன்று மூன்றாம் பகுதியோடு கதை நிறைவுற்றது. ஆனால் அதன் இறுதிக் காட்சியில் அமெரிக்க நகரத் தெருவொன்றில் அதே ஆட்டத்திற்கு வேறொருத்தி ஆள் பிடிக்கிறாள்! ஆவல் அணையாதிருக்க நெருப்பில் இன்னொரு விறகு.

முகமூடி யாருக்கு?

தொடரில் ஒரு கூட்டம் வருகிறது. பொன்னிற விலங்கு முகமூடி அணிந்த செல்வர்கள் அவர்கள். மெத்தை இருக்கையில் சாய்ந்து, கையில் மதுக்கிண்ணத்துடன், யார் பிழைப்பார் எனப் பந்தயம் கட்டிச் சிரிக்கின்றனர். அவர்களை நாம் வெறுக்கிறோம். ஆனால் 'அடுத்தது யார்?' என்று நாமும் அதே ஆவலுடன்தான் சாய்ந்து அமர்ந்திருந்தோம்! என் முகத்திலும் அந்த முகமூடி இருந்ததை உணர்ந்தபோது உள்ளபடியே நாணினேன்.

கதை கேட்பதும் மறுநாளுக்காக ஏங்குவதும் மனித இயல்பு. ஆயிரத்தொரு இரவுகளில் ஷஹர்ஸாத் தன் உயிரைக் காத்துக்கொண்டது அந்த ஏக்கத்தைக் கொண்டுதான். அங்கே கதையால் ஓர் உயிர் பிழைத்தது. கொலை செய்யத் துணிந்த மன்னனின் மனமும் மாறிற்று. கேட்பவன் மனம் மாறுமாயின் காத்திருப்பு வீணன்று.

எனவே, பெற்றோரே! உங்கள் பிள்ளைகள் இத்தகைய தொடரைப் பற்றிப் பேசினால் சினந்து வாயடைக்காதீர்கள். அது அவர்கள் வயதுக்குரியதன்று என்பதை உறுதியாகச் சொல்லுங்கள். சொன்ன பிறகு அவர்களோடு அமர்ந்து பேசுங்கள். 'அடுத்தது யார்?' என்பது அத்தொடர் அவர்களுக்குக் கற்றுத்தரும் கேள்வி. 'இவர்கள் ஏன் இங்கு வந்தார்கள்?' என்பது நாம் கற்றுத்தர வேண்டிய கேள்வி. அக்கேள்விக்கு விடை தேடப் புறப்படும் பிள்ளை, வட்டிக் கடனில் தவிக்கும் அண்டை வீட்டாரையும், கூலி கிடைக்காது நிற்கும் தொழிலாளியையும் வழியில் காணாமற் போகாது.

அலீயைத் திரையில் கண்டு கண்ணீர் விட்டோம். நம் தெருவில் அவன் எந்த எண்ணைச் சுமந்து நிற்கிறான் என்று பார்த்தோமா?