முதலில் காது, பின்பு நாவு

பிள்ளைக்கு மூன்று வயதாகிவிட்டது. இன்னும் ‘அம்மா’ என்ற சொல் வாயில் வரவில்லை. ஆண்பிள்ளை சுணங்கித்தான் பேசும் என்கிறார் அம்மம்மா. வசம்பு உரைத்து நாக்கில் தடவச் சொல்கிறார் அயலவர். நேர்த்தி வைத்தால் சரிவரும் என்கிறார் இன்னொருவர். பெற்றோர் செய்த பாவம் என்று முணுமுணுப்போரும் உண்டு. இப்படி ஆளுக்கொன்று சொல்லக் கேட்டுக் காத்திருக்கும்போது, பேச்சு வளரவேண்டிய அருமையான ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. பருவம் தப்பி விதைத்தால் என்ன நடக்கும் என்பது கமக்காரருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பேசாத பிள்ளைக்குச் செபமா, சிகிச்சையா என்று சிலர் கேட்கிறார்கள். இக்கேள்விக்கு மாற்கு நற்செய்தியின் 7 ஆம் அதிகாரத்திலேயே விடை இருக்கிறது. காது கேளாத, பேச்சுத் திக்கிய ஒருவரை ஊரார் இயேசுவிடம் கொண்டுவருகின்றனர். அவர் அம்மனிதரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார். வேடிக்கை பார்ப்போர் நடுவே வைத்து அவரை வெட்கப்படுத்தவில்லை. முதலில் காதுகளில் விரல்களை இடுகிறார். அதன் பின்னரே நாவைத் தொடுகிறார். காது கேளாதவருக்கு விளங்கும் மொழி தொடுகையும் சைகையும்தான் அல்லவா? வானத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டு, திறக்கப்படு என்று பொருள்படும் ‘எப்பத்தா’ என்ற சொல்லைச் சொல்கிறார். காதுகள் திறக்கின்றன, பிறகு நாவின் கட்டு அவிழ்கிறது. திருமுழுக்குச் சடங்கில் குரு பிள்ளையின் செவியையும் வாயையும் தொட்டுச் செபிக்கும் வழக்கம் இதிலிருந்தே வந்தது.

முதலில் காது, பின்பு நாவு என்ற இந்த ஒழுங்கையே இன்றைய பேச்சுச் சிகிச்சையும் பின்பற்றுகிறது. பிள்ளை கேட்ட சொல்லைத்தான் திருப்பிச் சொல்லும். எனவே பேசாத பிள்ளைக்கு முதலாவதாகச் செய்யவேண்டியது செவிப் பரிசோதனை. அடிக்கடி சளி பிடித்துக் காதினுள் நீர் தேங்குதல், காதில் சீழ் வடிதல், பிறவிக் குறை எனச் செவிப்புலன் குறையப் பல காரணங்கள் உண்டு. சீழ் வடியும் காதில் எண்ணெய் விடுவது ஆபத்து. நன்றாகக் கேட்கும் பிள்ளையும் அண்ணப் பிளவு, மூளை வளர்ச்சிக் குறைபாடு, ஓட்டிசம் போன்றவற்றால் பேசச் சுணங்கலாம். எது காரணம் என்று அறிந்த பின்னரே பயிற்சியைத் தீர்மானிக்க முடியும்.

இத்துறையில் திருச்சபையின் பங்கு புதிதல்ல. 16 ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டின் பெனடிக்ற் சபைத் துறவி பேத்ரோ பொன்சே தெ லெயோன் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கு எழுதவும் பேசவும் கற்பித்தார். 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித பிரான்சிஸ் சலேசியார் மார்ட்டின் என்ற செவிப்புலனற்ற ஏழை இளைஞருக்குச் சைகைகள் மூலம் மறைக்கல்வி புகட்டி, நற்கருணை பெறச் செய்தார். நம் நாட்டில் 1912 இல் அங்கிலிக்கன் மிஷனரி மேரி சாப்மன் செவிப்புலன், விழிப்புலன் அற்ற பிள்ளைகளுக்கான முதற் பள்ளியைத் தொடங்கினார். இரத்மலானைப் பள்ளி அதன் வழிவந்ததே. தமிழ்ப் பிள்ளைகளுக்காக 1956 இல் யாழ்ப்பாணம் கைதடியில் நஃபீல்ட் பள்ளி உருவானது. பேச்சுச் சிகிச்சைக்கான பயிற்சி களனிப் பல்கலைக்கழகத்தில் 1997 இல் டிப்ளோமாவாகத் தொடங்கி, 2008 இல் பட்டப்படிப்பாக வளர்ந்தது. பிள்ளையின் பேச்சை அதன் தாய்மொழியிலேயே சோதிக்கவேண்டும், பயிற்றவேண்டும். ஆகையால் தமிழ்ப் பிள்ளைகளில் சிலராவது இப்படிப்பை நாடவேண்டும். கற்பித்தலும் குணமாக்குதலும் இணைந்த இப்பணி ஓர் இறையழைத்தலே.

குச்சவெளியிலிருந்து திருகோணமலை நகருக்கு 30 கிலோமீற்றருக்கு மேல். ஒரு நாள் கிளினிக்கென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் முகாம் முகாமாக அலைந்து, 2004 கடல்கோளையும் கண்ட குடும்பங்களுக்கு இந்தச் சுமை எவ்வளவு பாரம் என்பது விளங்குகிறது. ஆயினும் சிகிச்சையாளரை மாதத்தில் ஒரு நாள் கண்டாலும் மீதி நாட்களில் பயிற்சி நடப்பது உங்கள் வீட்டிலும் தோட்டத்திலுமே.

வீட்டில் செய்யக்கூடியவை:

1. பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குனிந்து, முகம் பார்த்து, மெதுவாகவும் தெளிவாகவும் பேசுங்கள்.

2. செய்யும் வேலையைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். ‘தண்ணி ஊத்திறன்’, ‘மிளகாய் பிடுங்கிறன்’ போன்ற சிறு வசனங்களே போதும்.

3. பிள்ளை ‘மாடு’ என்றால் ‘ஓம், பெரிய மாடு’ என்று ஒரு சொல்லைக் கூட்டிக் கொடுங்கள்.

4. கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். பதில் சொல்ல நேரம் கொடுங்கள்.

5. திக்கிப் பேசும் பிள்ளையின் சொல்லை நீங்கள் முடித்துவைக்க வேண்டாம். கேலிக்கும் இடம் கொடுக்க வேண்டாம்.

6. சைகை காட்டினால் தடுக்காதீர்கள். சைகை பேச்சுக்குப் பகையல்ல, அதுவும் மொழியே.

ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் வராவிட்டால், இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லாவிட்டால், எந்த வயதிலும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாவிட்டால் மருத்துவமாதுவிடம் உடனே சொல்லுங்கள். திருகோணமலை வைத்தியசாலைக்கு அனுப்பும்படி கேளுங்கள். பாரிசவாதத்தால் பேச்சிழந்த முதியோருக்கும் இச்சிகிச்சை உண்டு. பேச முடியாதவருக்கு விளக்கமும் போய்விட்டது என்று எண்ணி, அவர் முன்னிலையில் அவரைப் பற்றியே கதைக்காதீர்கள்.

பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவருடையதுமல்ல, பெற்றோருடையதுமல்ல என்றே இயேசு மறுமொழி கூறினார் (யோவான் 9). ஆகவே தாய்மாரே, குற்றவுணர்வை இறக்கிவையுங்கள். செபியுங்கள், செபித்த கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். பொறுமையையும் நம்பிக்கையையும் செபம் தரும். அந்தப் பொறுமை இல்லாமல் எந்தப் பயிற்சியும் பலிக்காது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அம்மனிதரைக் குணமாக்கிய பின், இதை யாருக்கும் சொல்லவேண்டாம் என்று இயேசு கட்டளையிட்டார். சேவையைக் காட்டி ஆள் சேர்ப்பது அவர் வழியல்ல. நம் பகுதியில் இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பங்கள் அருகருகே வாழ்கின்றன. எந்த வீட்டுப் பிள்ளைக்கும் உதவி ஒன்றே. அந்த வீட்டாரின் வழிபாட்டில் நாம் கைவைக்கலாகாது. சிகிச்சையாளரின் விசுவாசம் அவர் பிள்ளைக்குச் செவிகொடுக்கும் விதத்தில் தெரிந்தால் போதும்.

அம்மனிதரை இயேசுவிடம் கொண்டுவந்தவர்கள் ஊரார். அவர்களின் பெயர்கள் நற்செய்தியில் இல்லை. உங்கள் அயலில் பேசாத பிள்ளை ஒன்று இருந்தால், அந்தத் தாயோடு பஸ் ஏறிக் கூடப் போய்வர ஒருவர் முன்வரட்டும். அவர் திரும்பும்வரை மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் முன்வரட்டும். அதுவே இன்று நம்மிடம் கேட்கப்படும் பணி.