சிறு சி.என்.சி. இயந்திரத்துக்கு எந்தக் கணினி?

பள்ளி நூலகத்துக்கு மரத்தில் ஒரு பெயர்ப்பலகை செய்ய எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஆசைப்பட்டார்கள். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து வாங்கித் தந்த சிறிய சி.என்.சி. இயந்திரம் ஒன்று எங்களிடம் உண்டு. அதன் வேலைப்பரப்பு 30 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம். ஒரு வாரம் உட்கார்ந்து எழுத்துகளை வரைந்து, பலகையைப் பொருத்தி, இயந்திரத்தை ஓடவிட்டோம். 'நூல' வரை அழகாக வந்தது. பிறகு இயந்திரம் நகராமல் நின்றுவிட்டது. வெட்டும் பிட் மட்டும் ஒரே இடத்தில் சுழன்றது. மரம் கருகும் வாடை எழுந்தது. மடிக்கணினியின் திரை இருண்டு கிடந்தது. அதை எழுப்பி, மறுபடி இணைத்து, கண்ணளவில் இடம் பார்த்துத் தொடர்ந்தோம். 'கம்' அரை விரல் கீழே இறங்கி விழுந்தது.

"புது கம்ப்யூட்டர் வாங்கினாதான் சார் சரியா வரும்" என்றான் ஒரு மாணவன். நானும் அப்படித்தான் நினைத்தேன். விலை விசாரிக்கும் முன், காரணத்தைத் தேடலாம் என்று உட்கார்ந்தோம். அந்தத் தேடலில் கற்றதை, இப்படி ஓர் இயந்திரத்தைப் பள்ளிக்கு வாங்க நினைக்கும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

கண்ணை மூடிப் படியேறும் மோட்டார்

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, படிகளை எண்ணி மட்டுமே ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஒரு படி எண்ணிக்கையில் தவறினால், தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. மீதிப் பயணம் முழுவதும் அந்தப் பிழை கூடவே வரும்.

சிறு சி.என்.சி. இயந்திரங்களில் உள்ள ஸ்டெப்பர் மோட்டார் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒரு மின்துடிப்பு வந்தால் ஒரு படி நகரும். பொதுவான மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 200 படிகள். ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பிரித்தால் 3,200. ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகரும் திருகுதண்டு என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு 800 துடிப்புகள். நிமிடத்துக்கு 600 மி.மீ. வேகம் என்பது நொடிக்கு 10 மி.மீ.; அதாவது நொடிக்கு 8,000 துடிப்புகள். இரண்டு துடிப்புகளுக்கு இடையே 125 மைக்ரோ நொடிதான்.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி "கணினி எவ்வளவு வேகமானது?" என்பதல்ல, "இந்தத் துடிப்புகளை யார் தட்டுகிறார்கள்?" என்பதே.

முதல் வழி: கணினியே தாளம் போடுவது

பழைய முறையில், பிரிண்டரை இணைக்கும் 25 முனை பேரலல் போர்ட் வழியாகக் கணினியே துடிப்புகளை அனுப்பும். கணினிக்கோ ஆயிரம் வேலை. வைரஸ் தடுப்பு மென்பொருளைக் கவனிக்கப் போய் ஒரு மில்லி நொடி தாமதித்தால், நம் கணக்கில் எட்டுத் துடிப்புகள் இடறிவிடும்.

இதற்காகவே லினக்ஸ்சிஎன்சி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனத்தில் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்தது அது. குறித்த நேரத்தில் குறித்த வேலையைச் செய்யும்படி மாற்றப்பட்ட லினக்ஸில் இயங்கும். கணினியின் தாமதத்தை அளக்கும் சோதனையும் அதிலேயே உண்டு. சோதனை ஓடும்போது வீடியோ பார்த்து, கோப்புகளை நகலெடுத்துக் கணினியைத் திணறவிட வேண்டும். அதிகபட்சத் தாமதம் 20 மைக்ரோ நொடிக்குள் இருந்தால் மிக நன்று. 100-ஐத் தாண்டினால் அந்தக் கணினி இந்த வேலைக்கு ஆகாது.

மடிக்கணினிகள் மின்சாரத்தைச் சேமிக்க இடையிடையே தம் வேலையைப் பார்க்கப் போய்விடும். அதனால் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்கும். இம்முறைக்குப் பேரலல் போர்ட் உள்ள பழைய மேசைக்கணினியே ஏற்றது. யு.எஸ்.பி.-யைப் பேரலலாக மாற்றும் வயரை வாங்கி ஏமாற வேண்டாம். அது பிரிண்டருக்கு மட்டுமே உதவும்.

இரண்டாம் வழி: தாளத்தைத் தனிப் பலகையிடம் விடுவது

இன்று விற்கும் சிறு இயந்திரங்களில் பெரும்பாலும் அர்டுயினோ ஊனோ போன்ற கட்டுப்பாட்டுப் பலகை இருக்கும். அதில் ஜிஆர்பிஎல் என்ற இலவச நிரல் ஓடும். 16 மெகா ஹெர்ட்ஸ் சில்லுதான். ஆனால் அதற்கு வேறு வேலையே இல்லை. நொடிக்கு ஏறத்தாழ 30,000 துடிப்புகள் வரை ஒழுங்காகத் தட்டும். கணினி செய்வதெல்லாம், "இந்தப் புள்ளிக்குப் போ" என்ற ஜி-கோடு வரிகளை யு.எஸ்.பி. வழியாக ஒவ்வொன்றாக அனுப்புவது மட்டுமே. பத்து ஆண்டு பழைய கணினிக்கும் இது எளிது. அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி பல வீடுகளில் சும்மா கிடக்கிறது, அதுவே போதும். ராஸ்பெர்ரி பை சிறுகணினியும் போதும்.

எங்கள் இயந்திரம் இந்த வகை. அப்படியானால் தவறு எங்கே? மடிக்கணினி உறக்க நிலைக்குப் போனதால் வரிகள் வருவது நின்றது. பலகை தன்னிடம் மிச்சமிருந்த சில வரிகளை முடித்துவிட்டுக் காத்திருந்தது. பிட் மட்டும் சுழன்றது. மறுபடி இணைத்ததும் பலகை புதிதாகத் தொடங்கி, தான் நின்ற இடத்தை மறந்துவிட்டது. புதுக் கணினி வாங்கியிருந்தாலும் 'கம்' கீழேதான் விழுந்திருக்கும்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. உறக்க நிலை, தானியங்கிப் புதுப்பிப்பு இரண்டையும் நிறுத்துங்கள். இணையத்தையும் துண்டித்துவிடுங்கள்.

2. மடிக்கணினியின் பேட்டரி கெட்டிருந்தால், மின்தடை வந்ததும் எல்லாம் அணைந்துவிடும். யு.பி.எஸ். இருந்தால் நல்லது.

3. யு.எஸ்.பி. வயர் குட்டையாக, ஸ்பிண்டில் மோட்டாரின் வயரை ஒட்டாமல் இருக்கட்டும். மோட்டாரின் மின் இரைச்சல் இணைப்பை அறுத்துவிடும்.

4. தொடக்கப் புள்ளியைப் பலகையில் பென்சிலால் குறித்து வையுங்கள். எது நின்றாலும் அங்கிருந்து மீண்டும் தொடங்கலாம்.

5. மரத்தூள் கணினிக்குள் போகாதபடி தள்ளி வையுங்கள்.

6. அவசர நிறுத்தப் பொத்தான் கைக்கு எட்ட வேண்டும். கண்ணாடி அணியாத மாணவர் அருகில் நிற்கக்கூடாது. இயந்திரம் ஓடும்போது ஆசிரியர் அறையை விட்டு நகரக்கூடாது.

எங்கள் மாணவர் சிலர் படிப்பு முடித்து, அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பக்கம் வேலைக்கு ரயிலேறுவார்கள். அங்குள்ள பெரிய இயந்திரங்களும் இதே புள்ளிக் கணக்கில்தான் ஓடுகின்றன. ஒன்பதாம் வகுப்பின் ஆயத்தொலை வடிவியலை இந்த இயந்திரத்தின் அருகே நின்று நடத்தியபோது, x, y எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அதே மடிக்கணினியில் 'நூலகம்' நேராக வந்தது. கோணல் பலகையை நாங்கள் எறியவில்லை. இயந்திரத்துக்கு மேலே மாட்டியிருக்கிறோம். புதிதாக வரும் மாணவர்கள் அது ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். பழைய மாணவர்கள் விளக்கம் சொல்கிறார்கள்.