லாரியின் முன்னச்சு எங்கே இருக்க வேண்டும்?

பாரமேற்றிய லாரிகளை நாள்தோறும் காண்கிறோம். அவற்றின் முன்சக்கரங்கள் எல்லா லாரிகளிலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருப்போம்? சிலவற்றில் முன்னச்சு பம்பரை ஒட்டியே இருக்கும். வேறு சிலவற்றில் ஓட்டுநரின் கதவுக்கும் பின்னால் தள்ளி அமைந்திருக்கும். இது அழகுக்காகச் செய்த ஏற்பாடு அன்று.

லாரி ஓட்டும் என் தாய்மாமன், நான் பௌதிகம் படிப்பவன் என்பதால் ஒரு கேள்வி கேட்டார்: “மாப்பிள்ளை, மொத்த எடை சரியாத்தான் இருக்கு. பின்னாடி ஆக்ஸில்ல மட்டும் கூடுதல்ங்கிறாங்களே, அது எப்படி?” விடை நாம் பள்ளியில் படித்த நெம்புகோல் தத்துவத்திலேயே இருக்கிறது.

முதலில் சட்டத்தைக் காண்போம். 2018-ஆம் ஆண்டில் நம் நாட்டில் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்ந்தது. நான்கு டயர் கொண்ட பின்னச்சின் வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாயிற்று. ஆகவே முழு எடையையும் ஏற்ற விரும்பினால், மீதி 7 டன்னை முன்னச்சு தாங்கியே தீரவேண்டும்.

இனி ஒரு கணக்கு. 6 டன் லாரியில் 12 டன் சரக்கு. மொத்தம் 18 டன். இரு அச்சுகளுக்கும் இடையே 5 மீட்டர். முழுப் பாரத்தின் ஈர்ப்பு மையம் பின்னச்சுக்கு 1.75 மீட்டர் முன்னால் இருப்பதாகக் கொள்வோம். முன்னச்சின் பங்கு, 18-ஐ 1.75-ஆல் பெருக்கி 5-ஆல் வகுக்க, 6.3 டன். பின்னச்சுக்கு 11.7 டன். மொத்த எடை வரம்புக்குள் இருக்கிறது. பின்னச்சோ வரம்பை மீறிவிட்டது! முன்னச்சை அரை மீட்டர் பின்தள்ளி அமைத்திருந்தால் இடைவெளி 4.5 மீட்டராகும். அப்போது முன்னச்சுக்கு 7 டன், பின்னச்சுக்கு 11 டன். சரக்கு அதேதான், குற்றம் மறைந்துவிட்டது.

அப்படியானால் எல்லா லாரிகளிலும் முன்னச்சைப் பின்தள்ளிவிடலாமே எனலாம். இடைவெளி குறைந்தால் வண்டி சிறு வட்டத்தில் திரும்பும் என்பதும் உண்மையே. சக்கரம் 30 பாகை திரும்பினால், 5 மீட்டர் லாரிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் ஆரம் வேண்டும், 4.5 மீட்டர் லாரிக்கு 9 மீட்டர் போதும். ஆனால் ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்கிறோம். முகப்பு முன்னே நீண்டு நிற்பதால் மேடுபள்ளத்தில் பம்பர் தரையில் இடிக்கும். பிரேக் போடும்போது முன்சக்கரங்களுக்குப் பாயும் சுமையும் கூடும். அமெரிக்காவிலோ 1974-இல் வந்த கூட்டரசுச் சட்டம், பாலங்களைக் காக்கும் பொருட்டு, அச்சுகள் விலகி நிற்க நிற்க அதிக எடையை அனுமதிக்கிறது. அதனால் அங்குக் கான்கிரீட் கலவை லாரிகள் பலவற்றில் முன்னச்சு பம்பரருகே இருக்கும்.

பின்னச்சில் சற்று மிகுந்தால் என்ன கேடு? 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனை இதற்கு விடை தந்தது. சாலையின் தேய்வு, அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் வளர்கிறது. சுமை 20 விழுக்காடு கூடினால் சேதம் இரு மடங்காகும். ஓட்டுநருக்கோ வேறோர் ஆபத்து உண்டு. பின்னே பாரம் மிக மிக முன்சக்கரங்களின் பிடி குறையும். ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது.

சாலைக்கு வந்துவிட்ட லாரியின் அச்சை நகர்த்த முடியாது; சரக்கை நகர்த்தலாம் அன்றோ? நம் கணக்கின் முதல் லாரியில் 12 டன் சரக்கையும் 10 சென்டிமீட்டர் முன்தள்ளி அடுக்கினால், பின்னச்சுச் சுமை 11.46 டன்னாகக் குறைந்து வரம்புக்குள் வந்துவிடும். அரைச் சாண் கூட இல்லை!

சரக்கை அனுப்புபவர் ஒருவர், அடுக்குபவர் வேறொருவர். வழியில் நிறுத்தப்பட்டுக் கேள்விக்கு உள்ளாகுபவரோ ஓட்டுநர். நாமக்கல், சங்ககிரி லாரிகள் நாம் படிக்கும் இந்த ஊர் வழியாகவும் போகின்றன. அவற்றைக் காணும்போது, அச்சுக்கும் பாரத்துக்கும் உள்ள இந்தக் கணக்கை நாம் எண்ணிப் பார்ப்போம். லாரித் தொழிலில் உறவினர் உள்ளவர்கள் அதை அவர்களுக்கும் எடுத்துச் சொல்வோம். நாம் கற்ற விஞ்ஞானம் தேர்வுத்தாளோடு நின்றுவிடலாகாது.