எண்ணூர் வெயிலும் ரேடியேட்டரும்

ரகுநந்தன் சரண் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், மறு ஆண்டே எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியே அனுப்பியது. குளிர்நாட்டில் வடிவமைத்த எஞ்சின் இங்கே சித்திரை வெயிலில் ஓட வேண்டும். சிலிண்டருக்குள் எரியும் வாயு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் வெளியே கொண்டுவருகிறது. ஆனால் தண்ணீர் வெப்பத்தைத் தீர்ப்பதில்லை, சுமக்கிறது. துறைமுகம் வருமுன் மசூலாப் படகுகள் கப்பல் சரக்கைச் சென்னைக் கரைக்குச் சுமந்ததைப் போல. கரையில் சரக்கை வாங்க ஆளில்லையென்றால் படகை எத்தனை நடை விட்டு என்ன பயன்? இங்கே கரை என்பது காற்று. ரேடியேட்டரில் தண்ணீர் 90 டிகிரி, வெளிக்காற்று 15 டிகிரி என்றால் இடைவெளி 75. அதே காற்று 40 டிகிரியானால் இடைவெளி 50தான். வெப்பம் அந்த இடைவெளியின் அளவுக்கே கைமாறும் என்பதால், அதே ரேடியேட்டர் நம் ஊரில் மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே வேலை செய்யும். தண்ணீரால் குளிரும் எஞ்சினும் கடைசியில் காற்றால் குளிர்வதுதான்.

தொடக்ககால கார்கள் கற்றதும் இதையே. கார்ல் பென்ஸின் 1886ஆம் ஆண்டு மூன்று சக்கர வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும். வழியெல்லாம் ஊற்ற வேண்டும். 1901 மெர்சிடஸுக்கு வில்ஹெல்ம் மேபாக் அமைத்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,000க்கும் மேற்பட்ட சிறு குழாய்கள் வழியே காற்று புகுந்தது. அவர் கூட்டியது காற்றுபடும் பரப்பை. ஃபோர்டின் மாடல் டி 1908இல் பம்போடு வந்து, விரைவிலேயே அதைக் கைவிட்டது. ஆஸ்டின் செவனும் பம்பின்றியே ஓடியது. சூடான தண்ணீர் லேசாகி ரேடியேட்டரின் தலைக்கு ஏறும். ஆறியதும் கனத்து இறங்கி, அடிவழியாக எஞ்சினுக்குள் நுழையும். எஞ்சின் சூடேற ஏற ஓட்டமும் தானே விரையும். மொட்டைமாடி சோலார் ஹீட்டர்கள் பலவற்றில் இன்றும் இந்த ஓட்டம்தான்.

அவ்வளவு நல்ல முறையென்றால் பம்பு ஏன் திரும்பி வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பம்பில்லா ஓட்டம் மெதுவானது. ரேடியேட்டரின் தலை கொதிக்கும்போது அடி ஆறிக் கிடக்கும், ஆறிய பகுதி காற்றுக்கு அதிகம் கொடுக்காது. பம்பு வேகமாகச் சுற்றி அடிவரை சூட்டோடு வைப்பதால் சிறிய ரேடியேட்டரே போதும். ஆக, பம்பின் ஆதாயமும் காற்றுப் பக்கத்தில்தான் தெரிகிறது. தண்ணீர் மட்டம் மேல்குழாயின் வாய்க்குக் கீழே இறங்கினால் பம்பில்லா ஓட்டம் அறுந்துவிடும் என்ற ஆபத்தும் வெயில் ஊரில் சிறியதல்ல. ஆனால் எந்தப் பம்பும் காற்றைக் கொண்டுவராது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காக வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரியில், தண்ணீர் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், எஞ்சினைக் காப்பது ரேடியேட்டருக்குப் பின்னால் சுழலும் ஃபேன்தான்.